கத்தரி எடுக்கும் முன்



'போன்சாய்' என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நடுதல் என்பது பொருள். குளிர்நாட்டு மேப்பிளின் மெல்லிலை நம் மல்லாங்கிணற்று வெயிலில் கருகிவிடும். இங்கே அக்கலைக்கு ஏற்றது ஆலங்கன்று. வெட்டினால் பால் வடியும். வலுவுள்ள கன்றாயின் விரைவில் புதுத்தளிர் விடும். கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியைத் தழும்பு விழுமுன் அகற்றிவிட வேண்டும். வாடிய கன்றை வெட்டலாகாது. இதனை அறியாது நான் நறுக்கிய முதற்கன்று பட்டுப்போயிற்று.

அன்று என் மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவள் முதன்முதலாக எழுதிக் கொணர்ந்த கவிதையில் பாதி வரிகளைச் சிவப்பு மையால் அடித்தேன். பின்னர் அவள் எழுதவேயில்லை.

திருத்தமே வேண்டாம் என்பதன்று என் கருத்து. வேர் பிடித்ததா என்று பார்த்தபின் கத்தரியை எடுப்போம். பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம், புதிதாய் எழுத வருவோரிடம் அப்பொறுமையைக் காட்டுமாக.