பிலிமுக்குள் இருக்கும் எலும்பு

(சுங்குவார்சத்திரத்தில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த திரையிடல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



'செல்லுலாய்டும் சமூகமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் சினிமா படித்தவன் இல்லை. பேங்கில் கிளார்க். கொஞ்சம் கவிதை எழுதுகிறேன். டெண்ட் கொட்டாயில் தரை டிக்கெட்டு வாங்கிப் படம் பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன்.

என் கையில் இருப்பது ஒரு துண்டு பிலிம். சின்ன வயசில் கொட்டாய்க்குப் பின்னால் பொறுக்கியது. பியூஸ் போன பல்பில் தண்ணி ஊற்றி, முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் இதைப் படம் காட்டியிருக்கிறோம். அப்போ இதில் யார் மூஞ்சி இருக்கு, எம்ஜிஆரா ரஜினியா என்றுதான் அடித்துக்கொண்டோம். இது எதில் செய்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இன்றைக்கு அதைக் கேட்போம்.

செல்லுலாய்டு என்பது பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து, கற்பூரம் சேர்த்துச் செய்தது. 1889இல் ஈஸ்ட்மன் கம்பெனி அதில் பிலிம் சுருளைச் செய்து விற்க ஆரம்பித்தது. சட்டென்று தீப்பிடிக்கிற பொருள். அதனால் 1950களில் அசிடேட்டுக்கு மாறினார்கள். பேர் மட்டும் செல்லுலாய்டு என்றே நின்றுவிட்டது. ஆனால் இந்த ஏடு வெறும் முதுகுதான். படம் விழுவது அதன்மேல் பூசியிருக்கிற பூச்சில். பூச்சில் வெள்ளி உப்பு இருக்கிறது. அந்த உப்பைத் துகள் துகளாகப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். ஜெலட்டின் என்றால் என்ன? மாட்டு எலும்பையும் தோலையும் பக்குவப்படுத்திக் காய்ச்சி எடுக்கிற பசை. எத்தனையோ மாற்றம் வந்தும், பிலிமில் அந்தப் பசையின் இடத்துக்கு வேறொன்று வரவில்லை.

1920களில் கோடாக் கம்பெனிக்கு ஒரு சிக்கல். ஒரு ஜெலட்டினில் படம் நன்றாக விழுகிறது, இன்னொன்றில் மந்தமாக விழுகிறது. ஏன் என்று ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி தோண்டிப் பார்த்தார். மாடு தின்ற கடுகுச் செடியிலிருந்து வந்த கந்தகம்தான் காரணம் என்று 1925இல் தெரிந்தது. மாடு எதை மேய்ந்தது என்பதுகூட சினிமாவின் வரலாற்றில் ஏறிவிட்டது. அந்த மாட்டைத் தூக்கியவர்கள், உரித்தவர்கள் ஏறவில்லை.

எங்க ஆயா எலும்பு பொறுக்கினவ. ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். தூக்கணும், உரிக்கணும். அப்புறம் வெயிலில் காய்ந்த எலும்பை ஆயா கோணியில் கட்டித் தலையில் சுமந்துபோய் வியாபாரியிடம் எடைக்குப் போடும். இந்த நாட்டு எலும்பு உரத்துக்குப் போனது, ஜெலட்டினுக்குப் போனது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போனது. கோணியைச் சுமந்த கை மட்டும் தீட்டு. டீக்கடையில் அந்தக் கைக்குத் தனி கிளாஸ்.

இப்போ யோசித்துப் பாருங்கள். 1935இலும் 1942இலும் நந்தனார் கதையைத் தமிழில் படமாக எடுத்தார்கள். தீயில் இறங்கிச் சுத்தமாகி வந்தால்தான் நந்தனுக்குத் தில்லையில் இடம் என்ற கதை. அந்தக் கதையைப் பதிந்த பிலிமில் பூசியிருந்தது எலும்புப் பசை. எதைத் தொட்டதால் நந்தனைத் தீட்டு என்றார்களோ, அதன்மேலேயே அவனைச் சுத்தப்படுத்திக் காட்டினார்கள். படப்பெட்டி வந்து இறங்கினால் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். எலும்பு பெட்டிக்குள் போய்விட்டால் புனிதம். எங்க ஆயா தலையில் இருந்தால் தீட்டு.

அடுத்தது வெளிச்சம். பிலிம் எல்லாரையும் ஒரே மாதிரி பார்த்தது என்று நினைக்காதீர்கள். ஊமைப்பட காலத்தில் புழங்கிய பிலிமுக்குச் சிவப்பு நிறம் எட்டாது. மாநிறம் கருப்பாகும், கருப்பு இருட்டாகும். அரிதாரத்தை அப்பினால்தான் முகம். பிறகு கலர் பிலிம் வந்தது. அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அட்டையில் அச்சடித்து, லேப்களுக்கு அனுப்பி, இவள் தோல் சரியாக விழுந்தால் கலர் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பிலிமை மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் இருந்ததாக லோர்னா ராத் என்கிற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். மரத்தின் பழுப்புக்கும் சாக்லேட்டின் பழுப்புக்கும் கிடைத்த மரியாதை மனுசத் தோலுக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் மீறி நம்மில் ஒருத்தி பிலிமில் ஏறினாள். பி.கே. ரோஸி. மலையாளத்தின் முதல் படம், ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்'. 1928 என்றும் 1930 என்றும் வருசத்தைச் சொல்கிறார்கள். புலையர் பெண், நாயர் பெண்ணாக நடித்தாள். திருவனந்தபுரத்தில் படம் போட்டபோது ஆதிக்க சாதிக்காரர்கள் திரையின்மேல் கல்லெறிந்தார்கள். அவள் வீட்டைக் கொளுத்தினார்கள். லாரி ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்தவள், வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தாள். அந்தப் படத்தின் பிலிம் இன்று இல்லை. அதில் அவள் முகம் எப்படி விழுந்தது என்று இனி யாரும் பார்க்க முடியாது.

சினிமா நமக்கு ஒன்றுமே தரவில்லையா என்று ஒரு தோழர் கேட்கலாம். தந்தது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதி இல்லை, காசு என்று கா. சிவத்தம்பி 1981லேயே எழுதினார். சரியான பேச்சு. மணலைக் குவித்து அதன்மேல் நானும் உட்கார்ந்தேன், ஊர்க்காரப் பையனும் உட்கார்ந்தான். டிக்கெட்டு சாதி கேட்கவில்லை. ஆனால் படம் விட்டு ஊர்த்தெரு வழியா திரும்பும்போது தெரு கேட்டது. திரையிலும் நாம் பண்ணையாள், வெட்டியான், இல்லாவிட்டால் காப்பாற்றப்பட வேண்டிய ஜனம்.

அந்தச் செல்லுலாய்டு காலம் முடிந்துவிட்டது. 2012இல் கோடாக் திவால் மனு கொடுத்தது. 2013இல் ஃபுஜி, படம் எடுக்கிற பிலிம் செய்வதை நிறுத்தியது. நம்ம தியேட்டர்களில் பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தது. அப்போ எலும்பும் போச்சா? இதோ, இந்த நெடுஞ்சாலைப் பக்கம் பாருங்கள். உலகம் முழுக்க விற்கிற செல்போன்களைப் பூட்டுகிற ஆலைகள் இங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கேமரா இருக்கிறது. பூட்டுகிற விரல்களில் நம் தங்கைகளின் விரல்களும் உண்டு. அன்றைக்குப் பூச்சுக்கு எலும்பு கொடுத்தோம். இன்றைக்குக் கேமராவையே செய்து கொடுக்கிறோம். அதில் என்ன படம் எடுக்கிறோம்?

எங்கள் கிளையில் சம்பளக் கணக்குத் தொடங்க ஒரு தங்கச்சி வந்தாள். கம்ப்யூட்டர் கேமராவில் போட்டோ எடுத்தேன். பார்த்துவிட்டு, "சார், கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்க சார்" என்றாள். கலர் என்றால் நம்ம ஊரில் வெள்ளை. கருப்பு கலரில் சேர்த்தி இல்லை. செல்லுலாய்டு தியேட்டரை விட்டுப் போனாலும் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு மறுபடி எடுத்தேன். கருப்பாகவே, தெளிவாக விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்க அம்மா மாதிரியே இருக்கேன்" என்றாள். சந்தோசமா, வருத்தமா, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மூன்றாவது தடவை எடுக்கச் சொல்லவில்லை.

தோழர்களே, எங்க ஆயாவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அதன் குரலும் இல்லை. உங்கள் வீட்டில் எலும்பு பொறுக்கியவர்கள், தோல் உரித்தவர்கள், பறையடித்தவர்கள் இன்னும் இருப்பார்கள். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, உங்கள் போனில் அவர்களைப் பேச வையுங்கள். யார் செத்த மாட்டைத் தூக்கச் சொன்னது, என்ன கூலி கொடுத்தான், என்றைக்கு 'முடியாது' என்று சொன்னோம், எல்லாம் கேளுங்கள். அழகாக இருக்க வேண்டாம், தெளிவாக இருந்தால் போதும். அடுத்த கூட்டத்தில் சினிமாவுக்கு முன்னால் அதைப் போட்டுப் பார்ப்போம்.

ஜெய்பீம்.