அவர்கள் ஊர் அரசியல் நமக்கு எதற்கு?

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவன் நான். பட்ட மேற்படிப்பைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

போன மாதம் ஒரு நாள் இரவு, தாராவியில் தோல் பை தைக்கிற நம் உறுப்பினர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, மக பி.காம். முடிச்சிட்டா. ஜெர்மனிக்குப் போயி ஐரோப்பிய அரசியலும் சர்வதேச வணிகமும் சேத்து ரெண்டு வருசம் படிக்கணும்னு நிக்கா. வணிகம்னாலும் சரி. அவங்க ஊரு அரசியல் நமக்கு எதுக்கு? நீங்க ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தத்தான் போனேன். அந்தப் பிள்ளை பாடத்திட்டத்தை என் கையில் கொடுத்து, "படிச்சிட்டு அப்புறம் வையுங்க, பெரியப்பா" என்றாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். அதனால்தான் இன்றைக்கு வேறு பேச்சுப் பேசுகிறேன்.

அரசியலையும் வணிகத்தையும் ஏன் ஒரே படிப்பில் சேர்க்கிறார்கள்? அதற்கான பதில் எனக்குப் பழக்கமான இடத்திலேயே கிடைத்தது. சரக்குக் கட்டணத்தில் தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கு விழும் தொகை குறையும். நம் ரயில்வேயிலும் அதே முறைதான். ஆனால் அந்தக் காலத்தில் ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்து பிரான்சின் லொரேன் உருக்காலைக்கு நிலக்கரி போனால், எல்லைக்கோட்டில் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். போவது ஒரே சரக்கு, கட்டணத்தில் மட்டும் இரண்டு பயணம்! 1951-ல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் பாரிசில் கையெழுத்திட்டு நிலக்கரி உருக்குச் சமூகத்தை அமைத்தன. இனி தங்களுக்குள் யுத்தம் வரக்கூடாது, யுத்தத்துக்கு வேண்டிய நிலக்கரியும் உருக்கும் ஒரு நாட்டின் கையில் மட்டும் இருக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். அந்தச் சமூகம்தான் 1955-ல் எல்லையைக் கணக்கில் எடுக்காத நேர்க்கட்டணத்துக்கு உடன்பாடு கண்டது. அதை யுத்தத்தைத் தடுக்கும் அரசியல் என்பதா, கூட்ஸ் ஆபீஸ் கணக்கு என்பதா? பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு 1957-ல் ரோம் உடன்படிக்கை, 1993-ல் ஒற்றைச் சந்தை என்று அது வளர்ந்தது. 2020-ல் பிரிட்டன் வெளியேறிய பின் 27 நாடுகள். சுங்கவரி பற்றி இந்தியா பிரான்சோடு தனியாகப் பேச முடியாது, ஒன்றியத்தோடுதான் பேச வேண்டும். ஆணையம் சட்ட வரைவைக் கொண்டுவரும். நாடாளுமன்றமும் அமைச்சர்களின் மன்றமும் அதைத் திருத்தி முடிவு செய்யும். யாரை எந்தக் கட்டத்தில் பிடித்தால் எந்த வரி மாறும் என்பது முதலாளிகளின் சங்கங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது நம் கைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் சொந்தபந்தம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தை ஜெர்மனி 1989-ல் தடை செய்தது. 1994-ல் புற்றுநோய் தரக்கூடிய சில அசோ சாயங்களைத் தடுத்தது. 2015 முதல் உடம்பில் படும் தோல் பொருளில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒன்றியம் முழுவதற்கும் விதி வந்தது.

இந்தச் சட்டங்களை நான் குறை சொல்லவில்லை. விஷம் விஷம்தான், அதில் முதலில் கை வைத்தவன் நம்மவன். ஆனால் அவர்கள் தங்கள் தோலை நினைத்துச் சட்டம் எழுதினார்கள், நம் தோல் தற்செயலாகப் பிழைத்தது. சட்டம் வருகிறது என்பதை வாங்குகிறவன் முதலாளிக்குச் சொல்வான். முதலாளி தொழிலாளிக்குச் சொல்வது, "நாளையிலிருந்து வேலை இல்லை" என்பது மட்டும்தான்.

இதற்கு மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. 2021-ல் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையின் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் ஆலை வாசலோடு நிற்கவில்லை. அந்தத் துணியை வாங்குகிற நிறுவனங்களைப் பிடித்தது. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது, சுவீடனின் எச் அண்ட் எம் நிறுவனமும் அதில் கட்டுப்பட்டது. ஜெர்மனி 2023 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், சரக்கு வந்த வழியில் எங்கோ வேலை செய்யும் தொழிலாளியும் அங்குள்ள அரசு அலுவலகத்தில் புகார் கொடுக்க இடம் தருகிறது. அந்தப் புகாரை எழுதத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

அந்தப் பிள்ளையிடம், "படித்து முடித்ததும் எந்தப் பக்கம் உட்காருவாய்?" என்று கேட்டேன். "முதல்ல கடனை அடைக்கிற பக்கம், பெரியப்பா" என்றாள். பொய் சொல்லாத பதில், எனக்குப் பிடித்திருந்தது.

கடன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு தரகர் நம் சந்துப் பையன் ஒருவனிடம் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு, 'இன்டர்நேஷனல் பிசினஸ்' என்று பலகை மாட்டிய கல்லூரி ஒன்றில் தள்ளிவிட்டார். பையன் பாதியில் திரும்பி வந்தான், அப்பாவின் அறை இன்னும் அடமானத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்புக் கட்டணமே கிடையாது. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று உயர்ந்தது. அது தரகருக்கோ கல்லூரிக்கோ போகும் பணம் அல்ல, மாதாமாதம் பிள்ளைக்கே திரும்பி வரும். ஈராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கடனே வேண்டாம். போட்டி கடுமை, அதையும் மறைக்கவில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலை தேட ஜெர்மன் மொழி வேண்டும். இங்கேயே மாக்ஸ் முல்லர் பவனில் தொடங்கலாம்.

அந்தப் பிள்ளையின் அப்பா இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் சரி என்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் நான் அவரோடு தனியாகப் பேச வேண்டும். தயவுசெய்து யாரும் முன்னதாகப் போய் அவரைச் சூழ்ந்துகொள்ளாதீர்கள்.