தங்கம் எடுத்த குழியும் நம்ம சம்மதமும்

(மீஞ்சூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, துறைமுகத்தைப் பத்திப் பேசக் கூப்பிட்டீங்க. நான் கோலார் தங்கவயலிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கு.

என் தாய்மாமன் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர். வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம்ம ஜனங்கள்தான் மூணு கிலோமீட்டருக்கும் மேலான அந்த ஆழத்தைத் தோண்டினாங்க. பாறைத் தூசி நெஞ்சைத் தின்னுச்சு. அயோத்திதாசரின் பௌத்தம் வேர்பிடித்த மண்ணும் அதுதான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். மிச்சம் சயனைடு மேடுகள்.

அந்தக் குழி மேல் அணுசக்தித் துறைக்கு ரொம்ப நாளாகவே கண். ஆயிரம் மீட்டர் ஆழத்தில், அணுக்கழிவின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்று முன்பே சோதனை நடத்தியிருக்கிறார்கள். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவைப் புதைக்கும் இடமாகத் தங்கவயலின் பெயர் அடிபட்டது. ஜனங்களுக்குப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். கடையடைச்சுத் தெருவுக்கு வந்தாங்க. உடனே, அப்படித் திட்டமே இல்லைன்னு மறுத்துட்டாங்க. கழிவில் கிடக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும். அத்தனை காலத்துக்கான முடிவை, அங்கே குடியிருக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பேச முடிந்திருக்கிறது.

கனடாவிலும் இதே கேள்வி வந்தது. 500லிருந்து 1000 மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் கழிவைப் புதைக்கலாம் என்றது அங்குள்ள அணுசக்தி நிறுவனம். அதைச் சோதிக்க 1989இல் பிளேர் சீபார்ன் தலைமையில் தனிக்குழு போட்டார்கள். குழு ஜனங்களைத் தேடிப்போய்க் கேட்டது, பழங்குடிகள் பேசினார்கள். விசாரணையில் கலந்துகொள்கிற மக்கள் அமைப்புகளுக்கு அரசே பணம் கொடுத்தது. அதாவது எதிர்க்கிறவனுக்கும்! 1998 மார்ச்சில் அறிக்கை வந்தது. தொழில்நுட்பக் கணக்கில், கருத்தளவில் பாதுகாப்பு ஓரளவு நிரூபணமாச்சு, சமூகக் கணக்கில் ஆகலை, பரவலான மக்கள் ஆதரவும் இல்லை, அதனால இப்போதைக்கு ஏற்க முடியாது என்றது குழு. ஜனங்களோட சம்மதத்தையும் பாதுகாப்புக் கணக்கிலேயே சேர்த்தாங்க பாருங்க, அதுதான் முக்கியம். அதுக்காகக் கனடாவை சொர்க்கம்னு நினைக்க வேணாம். கழிவை உண்டாக்குகிறவர்களிடமிருந்து விலகிய அமைப்பு வேண்டும் என்று குழு கேட்டது. 2002இல் சட்டம் போட்டு, உண்டாக்குகிறவர்களிடமே பொறுப்பைக் கொடுத்தது அரசு.

நம்ம ஊர்ல அந்த அளவுக்காவது உண்டா? 2006 அறிவிக்கைப்படி, திட்டம் போடுகிற கம்பெனியே சுற்றுச்சூழல் ஆய்வுக்காரனுக்குக் கூலி கொடுக்குது. கூலி வாங்கினவன் எப்படி எழுதுவான்? கூடங்குளம் முதல் ரெண்டு உலைக்கு மக்கள் கருத்துக்கேட்பே நடக்கலை. அங்கே எரிந்து தீர்ந்த எரிபொருளைச் சேமிக்கும் கிடங்குக்கு, அது தரைக்கடியில் புதைக்கிற திட்டம் இல்லை, 2019 ஜூலை 10இல் ராதாபுரத்தில் கூட்டம் என்றார்கள். தள்ளிவைத்தார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக்க, 2021 ஜனவரி 22இல் இதே மீஞ்சூரில் கூட்டம் என்றார்கள். தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள். அதுவும் தள்ளிப்போச்சு. நம்ம எதிர்ப்பு இல்லாம அது நடந்திருக்காது. ஆனா தள்ளிவைக்கிறது வேற, கைவிடுறது வேற.

இன்னொண்ணு, கசப்பா இருந்தாலும் சொல்லிடுறேன். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை இருக்கு. முறை வைத்து வலை போடும் உரிமை பட்டினவர் குப்பங்களுக்கு. தலித்துக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. பறியை வாயில் கவ்விக்கிட்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் அம்மாவுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. கம்பெனிக்காரன் அறிக்கையில் அவங்க பேர் இருக்காதுன்னு தெரியும். நம்ம மனுவில் இருக்கா? நேற்று ராத்திரி படிச்சுப் பார்த்தேன், இல்லை. மீனவக் கிராமத் தலைவர்கள் கோவிச்சுக்கக் கூடாது.

மறுபடி தேதி அறிவிச்சா நமக்கு 30 நாள்தான். முழு அறிக்கையையும் தமிழில் கேட்போம். கம்பெனிக் காசு வாங்காத ஆய்வாளர்களைக் கேட்போம். மனுவில் ஏரிக்கரை இருளர் குடியிருப்பு, தலித் குடியிருப்பு எல்லாத்தையும் சேர்த்துத் திருத்தணும். வாசல்கிட்ட மேசை போட்டிருக்கோம். கிளம்புறதுக்கு முன்னாடி உங்க தெருப் பேரை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.