டென்ட் அடிக்கும் முன்னால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று பாருங்கள்

(2025 ஜனவரி 16, காணும் பொங்கலன்று ஒகேனக்கல்லில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில், இங்கே தங்கும் விடுதி நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் ஐயா என்னைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. விடுதி வாசலில் நின்று "ரூம் இல்லைங்க சார்" என்று சொல்லித்தான் பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி அதன் பிரிவில் மூன்றாம் இடம் வந்ததிலிருந்து ஊட்டமலைத் தம்பிகளுக்குத் தூக்கம் இல்லை. பயிற்சியில் அவர் கார் சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவை எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். அடுத்து ஐரோப்பாவிலும் ஓட்டப் போகிறார் என்று செய்தி வந்ததும், "அண்ணா, நீங்கதான் போயிட்டு வந்தீங்களே, எப்படிப் போறது, எங்க தங்கறது?" என்று தினமும் ஒருவர் வருகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இன்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் பந்தயம் என்றால் சோழவரம். யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டை வந்தது. ஃபார்முலா ஒன் நம் நாட்டுக்கு 2011 முதல் 2013 வரை மூன்றே முறை, டெல்லிப் பக்கம் நொய்டாவில் வந்து போனது. மலேசியா செபாங்கிலும் 2017உடன் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் ஊருக்குள் ரோட்டிலேயே ஓட்டுகிறார்கள், அங்கே டென்ட் அடிக்க இடம் ஏது? டென்ட் அடித்துத் தங்கிப் பார்ப்பது ஐரோப்பாப் பழக்கம்.

நானும் வீட்டுக்காரம்மாவும் போனது 2024 ஜூலையில், பெல்ஜியத்தில் இருக்கும் ஸ்பா ஃப்ராங்கர்ஷாம் பந்தயத்துக்கு. மகன் ஜெர்மனியில் ஆஹனில் படிக்கிறான். அங்கிருந்து ஸ்பா காரில் ஒரு மணி நேரம். தருமபுரியிலிருந்து இங்கே வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஓட்டல் விலையைப் பார்த்ததும் அம்மா, "ஒரு ராத்திரிக்கு இவ்ளோவா? நம்ம ஒன்பது ரூமையும் ஒரு வாரத்துக்கு விட்டாக்கூட இது வராதே" என்றார். அதனால்தான் டென்ட்.

ஸ்பா சுற்றுப்பாதை 7.004 கிலோமீட்டர். இப்போது ஃபார்முலா ஒன் ஓடும் பாதைகளில் இதுதான் நீளமானது. காட்டுக்கும் மலைக்கும் நடுவே ஏறி இறங்கிப் போகிறது. ஆகவே "பந்தயத் திடலுக்கு அருகில்" என்று கேம்ப் சைட்காரர் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பாதையின் ஏதோ ஒரு மூலைக்கு அருகில் இருக்கும். நீங்கள் உட்காரும் இடம் மறு மூலையில் இருந்தால் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடக்க வேண்டியதுதான். நம் ஊரிலும் "அருவிக்கு அருகில்" என்று போர்டு வைத்திருக்கிறோமே, அதே கணக்கு. ஆகவே முதலில் பந்தய டிக்கெட்டை முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கு எந்த வாசல் என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் கேம்ப் சைட்.

நாங்கள் எடுத்தது பொது நுழைவு டிக்கெட். நாற்காலி கிடையாது. கெம்மல் என்கிற நேர்பாதையின் ஓரச் சரிவில் புல்லில் உட்கார்ந்து பார்ப்பது. அது முடியும் இடம் லே கோம் வளைவு. அந்தப் பக்க வாசலை வைத்து இடம் தேடினோம்.

இங்கேதான் எனக்கும் மகனுக்கும் வாக்குவாதம். பந்தயம் நடத்துகிறவர்களுக்கே சொந்தக் கேம்ப் சைட்டுகள் உண்டு. அது போக, சுற்றியுள்ள விவசாயிகள் மாடு மேய்க்கும் புல்வெளியை அந்த வாரம் மட்டும் டென்ட்டுக்கு விடுகிறார்கள். மகன் பார்த்து வைத்தது ஸ்டாவெலோ பக்கம் ஒரு புல்வெளி. விலை குறைவு, படம் அழகு, பக்கத்தில் ஓடை. ஓடை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "தம்பி, ஓடை இருக்குன்னா அதுதான்டா அந்த ஊர்லயே பள்ளமான இடம்" என்றேன். "அப்பா, அது ஐரோப்பா, காவிரி இல்ல" என்றான்.

செயற்கைக்கோள் வரைபடத்தில் மேட்டையும் பள்ளத்தையும் பார்க்கச் சொன்னேன். பாதையிலேயே உயரமான இடம் லே கோம், தாழ்வான இடம் ஸ்டாவெலோ. நடுவில் ஏறக்குறைய நூறு மீட்டர் இறக்கம். மேலே பெய்கிற மழை எங்கே போகும்? அந்த வட்டாரத்தில் மழை எப்படிப்பட்டது என்பதற்கு 2021 ஒன்றே போதும். அந்த ஜூலையில் பக்கத்து வெர்வியே நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. ஆகஸ்ட் 29 அன்று பந்தயம் மழையால் நின்று நின்று, கடைசியில் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்று ஊர்வலம் போனதற்குப் பாதிப் புள்ளி கொடுத்து முடித்துவிட்டார்கள். நாள் முழுக்க நனைந்தவர்கள் டிக்கெட் காசைக் கேட்டது பெரிய சர்ச்சையானது.

ஆகவே நாங்கள் மேட்டுப் பக்கம் வேறொரு விவசாயியின் வயலுக்கு மெயில் அனுப்பினோம். நான் விடுதி நடத்துகிறவன் என்பதால் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். 2021 மழையில் உங்கள் வயல் எப்படி இருந்தது, கார் உள்ளே வந்ததா? காருக்குத் தனிக் கட்டணமா, இடவாடகையிலேயே சேர்த்தியா? வாடகை டென்ட்டுக்கா, ஆளுக்கா? கழிப்பறை எத்தனை, வாடகைக்கு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியா, கட்டினதா? குளிக்கக் காசு போட வேண்டுமா? ராத்திரி பாட்டுப் போடுகிற பகுதியும் குடும்பப் பகுதியும் தனித்தனியா? மகன் பிரெஞ்சில் எழுதினான். மறுநாளே எல்லாவற்றுக்கும் வரிவரியாகப் பதில் வந்தது. அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஓடைக்காரருக்கும் இதையே அனுப்பினோம். "இடம் நன்றாக இருக்கும்" என்று ஒரே வரி.

விசா விஷயத்துக்கு வருகிறேன், இதில் இரண்டு பேர் ஏற்கெனவே தப்புச் செய்யப் பார்த்தார்கள். ஷெங்கன் விசாவுக்கு, கிளம்பும் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது; பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போதும் கூடாது. பல நாடு போனால் எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில் கேட்க வேண்டும். பந்தயம் பெல்ஜியத்தில் என்றாலும் நாங்கள் மகன் வீட்டில்தான் அதிக நாள், அதனால் ஜெர்மனி விசா. நாங்கள் ஆளுக்கு 80 யூரோ கட்டினோம். 2024 ஜூன் 11 முதல் அது 90. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். தங்குமிடச் சான்றாக மகனின் கடிதத்தோடு டென்ட் முன்பதிவு ரசீதையும் பந்தய டிக்கெட்டையும் வைத்தோம். சிக்கல் என்னவென்றால், ரசீது இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது, விசா வராவிட்டால் ரசீதுக் காசு போச்சு. ஆகவே விசா மறுத்தால் பணம் திரும்புமா என்று பதிவு செய்யும் முன்பே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். எங்கள் விவசாயி மே மாதம் வரை என்றால் திருப்பித் தருகிறேன், அதற்குப் பிறகு முடியாது என்றார். இந்த வருடம் ஸ்பா பந்தயம் ஜூலை 25, 26, 27. ஜூலை 24 கிளம்புவதானால் வருகிற ஜனவரி 24இலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

சாமான்கள். டென்ட்டை விமானத்தில் கொண்டு போகலாம், அடுப்புக்கான கேஸ் குப்பியைக் கொண்டு போகக் கூடாது, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கறி, பால் பொருள் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். அம்மா உருக்கி வைத்த நெய் வீட்டிலேயே நின்றது. கறிவேப்பிலையும் கூடாது. ஆனால் குடல் எடுத்துச் சுத்தம் செய்த மீனுக்கு அனுமதி உண்டு. ஒகேனக்கல்காரனுக்கு வேறென்ன வேண்டும்? கருவாடு போனது. பக்கத்து டென்ட் டச்சுக்காரர் முதலில் மூக்கைப் பிடித்தார், சனிக்கிழமை தட்டோடு வந்தார்.

சனிக்கிழமைதான் மழை. தகுதிச் சுற்றே ஈரத்தில் நடந்தது. எங்கள் வயலிலும் சேறுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் நிற்கவில்லை, டென்ட் நனையவில்லை. ஓடைக்கரையில் இடம் பிடித்த மகனின் நண்பர்கள் இரவு பதினொரு மணிக்குப் படுக்கையோடு எங்களிடம் வந்தார்கள். அவர்கள் காரை மறுநாள் டிராக்டர் வைத்து இழுத்தார்கள். மகன் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தான்.

ஞாயிறு வெயில். ஜார்ஜ் ரஸ்ஸல் ஜெயித்தார் என்று எல்லாரும் கத்தி முடித்து டென்ட்டுக்குத் திரும்பிய பிறகு, கார் ஒன்றரை கிலோ எடை குறைவு என்று அவரை நீக்கி ஹாமில்டனுக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரைக் கிலோ! நம் பரிசலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இரவு வாடகை மிச்சம் என்று வியாழன் முதல் ஞாயிறு வரைதான் பதிவு செய்திருந்தேன். பந்தயம் முடிந்ததும் எல்லாக் காரும் அதே குறுகிய ரோட்டில். ஒரு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரம் ஆனது. திங்கள் காலை வரை பதிவு செய்யுங்கள், அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று உண்டு, அதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம். அந்த வெள்ளிக்கிழமை டென்ட்டுக்குள் உட்கார்ந்து விவசாயியின் ரசீதை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். பந்தயம் ரத்தானாலும் பணம் திரும்பாது என்று கீழே சின்ன எழுத்தில். "இது என்ன நியாயம்?" என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இங்கிருந்து என் தம்பி போன். கர்நாடகாவில் அணைகளைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஏறுகிறது, குளிக்கவும் பரிசலுக்கும் தடை. உங்களுக்கே நினைவிருக்கும், ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடி நிரம்பிய வெள்ளம் அது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்குக்கு நம் ஒன்பது அறைக்கும் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் காசைத் திருப்பிக் கேட்கிறது. "பில்லிலேயே போட்டிருக்குதே அண்ணா, அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது, அப்படியே சொல்லிடட்டுமா?" என்கிறான் தம்பி.

கையில் இருந்த ரசீதைப் பார்த்தேன். அந்த விவசாயியாவது கழிப்பறையை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார், மாட்டை வேறு வயலுக்கு ஓட்டியிருக்கிறார். எனக்கு என்ன செலவு? போர்வை துவைத்ததுதான். கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடு என்றேன். ஆறு அறைக்கு முழுப் பணமும் போனது. மூன்று குடும்பம் வெள்ளத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தால் போதும் என்று வந்தார்கள். அந்த ஆடியில் எனக்கு நஷ்டம்தான். "அண்ணன் ஊர் சுத்திட்டு வந்து தர்மம் பண்றாரு" என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அவன் பங்குப் பணமும்தானே போனது.

இப்போது எங்கள் பில்லை மாற்றியிருக்கிறோம். ஆட்சியர் தடை போட்டால் முழுத் தொகை திரும்ப. நீங்களாக வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது. இந்த வரியைப் பில்லின் அடியில் போடாமல் மேலே, பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறோம். இங்கே அறை விடுகிறவர்கள் பத்துப் பேராவது உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாரும் ஒரே மாதிரி போட்டால் ஒருவர் தலையில் மட்டும் நஷ்டம் விழாது. அடுத்த கூட்டத்தில் இதைத் தனியாகப் பேச நேரம் கொடுக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பிகளுக்கு: டென்ட் என் வீட்டுப் பரண்மேல்தான் கிடக்கிறது, மூன்று பேர் படுக்கலாம். கேட்டால் தருகிறேன். முளை ஆணி மட்டும் இரண்டு குறைகிறது, அந்த வயல் சேற்றிலேயே போய்விட்டது. வாங்கிக்கொண்டு போங்கள்.