பெரட்டில் நின்றவர்கள்

(ஆவடியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆவடி படைக்கலத்தால் பெயர்பெற்ற ஊர். இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர் ஈண்டுப் பெரும் படைக்கிடங்கு அமைத்தனர். படையாள் என்றதும் சீருடை, சம்பளம், ஓய்வூதியம் ஆகியவையே இவ்வூரார் நினைவிற்கு வரும். அதே போரில், இவற்றுள் நிலையாக ஒன்றையும் பெறாமல் துமுக்கி ஏந்திய தமிழ் இளைஞர் இருந்தனர். மலேயா இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டியவர்கள் அவர்கள். இது தனியொருவன் கதையன்று, பல்லாயிரவர் வாழ்வு.

தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற நிலமற்ற உழவர்தம் மக்கள் அவர்கள். விடியுமுன் 'பெரட்டு'க்கு வந்து நிற்க வேண்டும். படையணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்தார் நாவில் இவ்வாறு திரிந்து, கூலியாள் தலையெண்ணும் வேளைக்குப் பெயராயிற்று. வெள்ளைக்காரன் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், கூலியுயர்வோடு இவ்விழிவை ஒழிக்கவும் கேட்டனர். காசு மட்டுமே வேண்டியவன் இதைக் கேட்பானா? துமுக்கிச் சூடே விடையாக வந்தது.

1942 பிப்பிரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சப்பானியர் தோட்டத்து ஆட்களைத் திரட்டிச் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்கு ஓட்டிச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையோரம் கக்கல்கழிச்சலாலும் பசியாலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர்.

அந்நிலையில்தான் 1943 சூலையில் சுபாசு சந்திர போசு சிங்கப்பூர் வந்தார். 3 இலக்கம் படைஞரும் 3 கோடி வெள்ளியும் வேண்டும் என்றார். தோட்டத்து இளைஞர் இந்தியத் தேசியப் படையில் திரளாகச் சேர்ந்தனர். பால்வெட்டிய பெண்கள் சான்சி இராணி படையிற் சேர்ந்தனர். எல்லாரும் நாட்டுப்பற்றால் மட்டுமே சேர்ந்தனர் என்பது மிகை. இருப்புப்பாதைக்குத் தப்பவும், ஒருவேளைச் சோற்றுக்காகவும் சேர்ந்தோர் உண்டு. எனினும், கூலி என்றே அழைக்கப்பட்டவன் படைஞன் என்று அழைக்கப்பட்டது அன்றுதான். பெரட்டு அவனுக்கு மெய்யாகவே படையணியாகியது.

ஆனால், கட்டளைகளோ இந்துத்தானியில்! போசின் இந்துத்தானிப் பேச்சும் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே தமிழனை எட்டியது. உயிரைக் கொடுக்க வந்தவனிடம் அவன் மொழியில் ஏவக்கூட ஏற்பாடில்லை. இதைச் சொல்வது போசைக் குறைகூறுவதாகாது, நடந்தது அது.

1945 பிப்பிரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் பிரித்தானியப் படையை எதிர்த்து நின்ற நேரு படைப்பிரிவில் மலேயாத் தமிழர் பலர் இருந்தனர். வானூர்தித் துணையில்லை, பெரும் படைக்கலங்களும் இல்லை. அந்தப் பர்மாப் போரிலேயே பிரித்தானியர் பக்கம் மதராசுப் படைப்பிரிவுத் தமிழரும் போரிட்டனர் என்பதையும் மறைத்தலாகாது.

போர் முடிந்தது. தில்லிச் செங்கோட்டையில் படைத்தலைவர் மூவர்மீது வழக்கு நடந்தபோது நாடே கொதித்தெழுந்தது. பால்வெட்டியவனுக்கோ வழக்குமில்லை, மாலையுமில்லை. பழைய கத்தியே கைக்கு வந்தது. ஆயினும் நிமிர்ந்த முதுகு மீண்டும் வளையவில்லை. கெடா மாநிலத் தோட்டங்களில் 'தொண்டர் படை' எழுந்தது. படைப்பயிற்சி பெற்றிருந்தோர் அணிவகுத்துச் சென்று கள்ளுக்கடைகளை மறித்தனர். 1947இல் காவல்துறை அதனை அடக்கியது.

1969இல் மலேசிய அரசு, குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமச்சீட்டைக் கட்டாயமாக்கியது. பல்லாயிரம் தமிழர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். 1972இல் இந்திய அரசு விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டத்தைக் கொணர்ந்தது. இந்தியத் தேசியப் படையினரும் அதில் அடங்குவர். ஆனால், பொதுவாக ஆறு மாதச் சிறைக்குச் சான்று வேண்டும். பிடிபட்ட பின் தோட்டத்திற்கே திருப்பி விடப்பட்டவனுக்கு அந்த ஆறு மாதம் எங்கிருந்து வரும்? சிறைப்பட்டிருந்தும் ஆவணம் இல்லாதவன், உடன் சிறையிருந்தார் சான்றைக் கொண்டுவர வேண்டும். அவனுடன் இருந்தவர்களோ கடலுக்கப்பால், ஏதோவொரு தோட்டத்தில், பால்வெட்டிக் கொண்டிருந்தனர்.