தலைக்காயம் தலையெழுத்தா?



செய்தி வாசிப்பவர்களுக்கு மனப்பாடமான வரி ஒன்று உண்டு: "தலையில் பலத்த காயமடைந்த அவர் சம்பவ இடத்திலேயே மரணமடைந்தார்." நானும் பலமுறை வாசித்திருக்கிறேன். முடித்த கையோடு வானிலை வந்துவிடும். அடிபட்டவர் யார், ஏன் அவருக்கு என்று கேட்க நேரமிருப்பதில்லை. வீட்டிலுள்ளவர்களோ, "அவன் தலையெழுத்து" என்று கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 கோடியே 90 லட்சம் பேர் மூளைக்காயம் அடைவதாக 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. தலையெழுத்து என்றால் அது எல்லாருக்கும் பொதுவாகப் பரவியிருக்க வேண்டுமல்லவா? அப்படி இல்லை. பெண்களைவிட ஆண்களே அதிகம். இளைஞர்கள் சாலையில் விழுகிறார்கள். முதியவர்கள் வீட்டுக்குள் விழுகிறார்கள்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2019இல் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் மாண்டனர். நம் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். யார் இவர்கள்? கார் வாங்க வசதியில்லாதவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்கள், உணவுப் பொட்டலத்துடன் நேரத்தைத் துரத்துகிறவர்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்தில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்குக் கப்சாய்தானே பேருந்து! பேருந்து வராத குடியிருப்பும் ஒரு காரணம்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

தலைக்கவசம் அணிவது இங்கு 1973லிருந்தே சட்டம். அணிந்தவருக்குத் தலைக்காய அபாயம் சுமார் 69 விழுக்காடும், மரண அபாயம் சுமார் 42 விழுக்காடும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். ஆனால் தாடைக்குக் கீழே வார் மாட்டவில்லையென்றால், மோதிய வேகத்தில் கவசம் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். போலீசைக் கண்டதும் தலையில் ஏறும் ஹெல்மெட், வளைவு தாண்டியதும் கூடைக்குள் இறங்கிவிடுகிறது. அப்பாவுக்கு ஹெல்மெட் உண்டு, முன்னால் நிற்கும் பிள்ளைக்கு இல்லை. இது என்ன நியாயம்?

வியட்நாமில் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. கண்டிப்புடன் அமல்படுத்தியதால் வெகு சீக்கிரத்தில் பெரும்பாலோர் அணிந்தனர், தலைக்காயங்களும் குறைந்தன. அவர்களின் தலையெழுத்தா மாறியது?

இனி, வீட்டுக்குள் வருவோம். ஜப்பான் போல மூப்படைந்த நாடுகளில் மூளைக்காயத்திற்கு முக்கியக் காரணம், தடுக்கி விழுவது. இங்கும் முதியோர் பெருகி வருகிறார்கள். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையே செல்லும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டாலும் அவை கிழியக்கூடும். இரத்தம் மெதுவாகக் கசியும். சில வாரங்கள் கழித்துப் பாட்டி தடுமாறுவார், பேச்சு குழறும். "வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு" என்று நாம் விட்டுவிடுவோம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். அவர்கள் தலையில் இடித்துக்கொண்டால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். எந்த வயதினராயினும், அடிபட்ட பின் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள்.

பிழைத்தவர் வேலைக்குத் திரும்புவது எப்படி என்பதை அடுத்துப் பேசவிருக்கும் மருத்துவர் விளக்குவார்.