அசையாத கையும் அடங்காத மூளையும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"விஞ்ஞானம் பேசுங்க ஐயா, ஆனா எங்களுக்கும் புரியணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே நம் லயத்து வீடுகளில் உள்ள ஒன்றையே எடுத்துக்கொண்டேன்.

வாதம் வந்து ஒருவர் படுத்துவிட்டால், "அவருக்குக் கை செத்துப் போச்சு" என்கிறோம். அவர் காதுபடவே சொல்கிறோம். அது உண்மைதானா?

கையை அசைக்கும் கட்டளை மூளையில் பிறந்து, தண்டுவடம் வழியாக இறங்கித் தசைக்கு வருகிறது. கழுத்தில் பலத்த அடிபட்டால் அந்த வழி அறுந்துபோகும். வழிதான் அறுந்தது; கட்டளை போடுகிற இடம் பல பேருக்கு அப்படியே இருக்கிறது. வாதத்தில் சிலருக்கு அந்த இடமே பழுதாவதும் உண்டு.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞரின் மூளையில் 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்றைப் பதித்தார்கள். அதில் ஏறக்குறைய 100 ஊசிமுனைகள். "கையை அசைக்கப் பாரு" என்றார்கள். கை அசையவில்லை. கணினித் திரையில் புள்ளி அசைந்தது!

2012இல் வெளிவந்த செய்தி இன்னும் பெரியது. வாதத்தால் ஏறக்குறைய 15 ஆண்டுகள் அசைவற்றிருந்த ஒரு பெண்மணி, நினைப்பாலேயே இயந்திரக் கையை நகர்த்திக் காப்பிப் புட்டியை வாயருகே கொண்டுவந்து குடித்தார். எத்தனை ஆண்டுக்குப் பிறகு, பிறர் ஊட்டாத காப்பி!

2021இல் வந்த ஆராய்ச்சியில், கை செயலிழந்த ஒருவர் பேனா பிடித்து எழுத முயன்றார். கணினி நிமிடத்துக்கு 90 ஆங்கில எழுத்துகளைக் கண்டுபிடித்தது. மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் அந்த வேகத்தில் எழுதுவீர்கள்?

ஆனால் ஒரு தொல்லை. இன்று சரியாகப் புரிந்துகொண்ட கணினி, நாளை தடுமாறும். ஊசிமுனை மயிரிழை நகர்ந்தாலும் போதும். மூளையின் சைகையும் நாளுக்கு நாள் சற்று மாறுகிறது. தினமும் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது.

தாய்மார்களுக்கு இது சுலபமாக விளங்கும். வாசலில் தினம் ஒரே கோலம் போடுகிறீர்கள். புள்ளிகளின் வரிசை மாறாது. ஆனால் நேற்றைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழும். மூளையும் அப்படித்தான் என்று சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கருணேஷ் கங்குலி, நிகிலேஷ் நட்ராஜ் குழுவினர் 2025இல் காட்டினார்கள். வாதத்தால் பேச்சும் அசைவும் இழந்த ஒருவர், விரலையும் கையையும் பிற உறுப்புகளையும் அசைப்பதாக நாள்தோறும் நினைத்தார். ஒவ்வோர் அசைவுக்கும் உரிய சைகையின் வடிவம் நிலைத்திருந்தது. இடம்தான் சற்றுச் சற்று நகர்ந்தது. அந்த நகர்வைக் கணக்கில் சேர்த்ததும், ஏழு மாதம் இயந்திரக் கை அவர் சொல் கேட்டது. அலமாரியைத் திறந்தார், கோப்பையை எடுத்தார், தண்ணீர்க் குழாயில் பிடித்தார். மாதங்கள் கழித்து வந்தபோதும் 15 நிமிடம் சரிசெய்ததே போதுமானதாயிற்று.

கவனியுங்கள், அவருடைய சொந்தக் கை இன்னும் அசையவில்லை. இது ஆராய்ச்சிதான், மண்டையோட்டைத் திறந்து செய்கிற காரியம். "கருவி வெச்சுடலாம், பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால் நம்பிவிடாதீர்கள். இப்போதைக்கு மருத்துவமனையில் சொல்லித்தரும் உடற்பயிற்சிதான் நமக்குள்ள வழி. அப்பயிற்சியில் உங்கள் வீட்டுப் பெரியவர் அசையாத விரலைப் பார்த்து முக்கிக்கொண்டிருந்தால், "ஏன் வீணா சிரமப்படுறீங்க?" என்று கேட்காதீர்கள். உள்ளே கட்டளை போய்க்கொண்டிருக்கலாம்.